தேர் இழுக்கிற வண்டிக்குப் பெரிய டயர் ஆகாது

தம்பி,

நான் போனில் பேசிப் பதிந்து அனுப்புவதை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று துர்கா காட்டிக் கொடுத்துவிட்டாள். "அத்தை, ஒங்க கொரலு அணில் கத்துற மாதிரி இருக்கு, வயிறு வலிக்கச் சிரிச்சோம்" என்கிறாள். நல்லது, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சிரிக்கவாவது ஓர் அம்மா இருக்கிறேன். நேரே அழைத்தால் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா, லோடு ஏத்துறாங்க, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தை அவசரப்படுத்த முடியாது. எழுதி முடித்ததும் பெரகல சந்திக்கு இறங்கி, வெல்லவாய பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து, நீ சோளம் ஏற்றுகிற இடத்தில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால், "ஒனக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். பங்குனித் திருவிழாவுக்கு நம் லொறியைக் கொண்டுவந்து தேர் இழுப்பதாகக் கோயில் கமிட்டியிடம் ஒத்துக்கொண்டிருக்கிறாய். இப்போது அந்த லொறி இருக்கிற இருப்பில் அது தேர் இழுக்கக் கூடாது. ஏற்றவும் கூடாது, முக்கியமாக இறக்கவே கூடாது. லொறியில் பழுது இல்லை. உன் கையிலும் பழுது இல்லை. வெல்லவாயச் சமதரைக்காக நீ பின் அச்சின் பல்லையும் டயரையும் மாற்றிப் போட்டிருக்கிறாயே, அதுதான் விஷயம். நான் ஸ்டியரிங் பிடித்தவள் இல்லை. ஆனால் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அப்பாவோடு வெலிமடைக்கும் பதுளைக்கும் அந்த இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து லீக்ஸ் மரக்கறி மூட்டைக்குக் காவலாகப் போனவள். கியர் சரியாக விழுந்ததா இல்லையா என்பது எனக்கு இடுப்பில் தெரியும்.

மாற்றியது தப்பு என்று சொல்ல வரவில்லை. நீ அன்றைக்குச் சொன்ன கணக்கு எனக்குப் புரிந்தது. பழைய டிஃபரன்ஷியலில் சின்னச் சக்கரமான பினியனுக்கு ஏழு பல், பெரிய கிரவுன் சக்கரத்துக்கு நாற்பத்து மூன்று. கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் ஆறு தடவைக்கு மேல் சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு தடவை சுற்றும். மலைப் பல் என்பார் அப்பா. மலைக்கு அது சரி. கொழும்புக்குச் சோளம் ஏற்றிக்கொண்டு நேர் ரோட்டில் போகும்போது எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வேகம் வராது, டீசல் மட்டும் குடிக்கும். அதனால் நீ எட்டுக்கு முப்பத்தொன்பது போட்டாய். இப்போது ஷாஃப்ட் ஐந்து சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் ஒரு சுற்றுப் போய்விடுகிறது. அதற்கு மேல் பெரிய டயர் வேறு. சக்கரம் ஒரு தடவை உருண்டால் முன்னைவிட அரை முழம் கூடுதலாகப் போகிறது. இரண்டும் ஒரே பக்கம்தான் வேலை செய்கின்றன. எஞ்சின் நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டு ஓடுகிறது. எல்லாம் நியாயம்தான். சோறு போடுகிற ரோட்டுக்குத் தகுந்த மாதிரிதான் வண்டியை வைத்துக்கொள்ள வேண்டும்.

பொங்கலுக்கு நீ வந்தபோது அப்பா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி வந்த கண்ணுக்கு வளைவில் வருவது லொறியா பஸ்ஸா என்று தெரியாது. காதைச் சாய்த்துக் கேட்டார். "டிஃப மாத்திட்டானா?" என்றார். "அவன்கிட்டயே கேளுங்க" என்றேன். நீ இறங்கி வந்ததும் டயரைத் தடவிப் பார்த்து "நல்ல ஒசரம்" என்றார். அவ்வளவுதான். அதை நீ பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். பொங்கலும் அதுவுமாக எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

நம் தேர் போவதை நீ சின்ன வயசிலிருந்து பார்க்கிறாய். ஆனால் அம்மனைத்தான் பார்த்திருப்பாய், அடியில் இருப்பதைப் பார்த்திருக்க மாட்டாய். பழைய டிரெய்லர் ஒன்றின் மேல் இரும்புச் சட்டம் கட்டி, அதற்கு மேல் மரவேலையும் பல்பு மாலையும் வைத்திருக்கிறார்கள். அந்த டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது. லொறிக்கும் தேருக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டை, அதுதான் சம்பந்தம். ஏறும்போது லொறி தேரை இழுக்கிறது, இறங்கும்போது தேர் லொறியைத் தள்ளுகிறது. ஊரே பிடித்து இழுப்பதாகப் பேர் பண்ணுகிற வடம், லொறியின் முன் பம்பரில் கட்டியிருக்கிறது. லொறியின் மூக்குக்கு முன்னால் இரண்டு வரிசையாக ஜனம். அவர்களுக்கும் முன்னால் பால்குடம், தப்பு, நாதஸ்வரம். இழுப்பது டீசல், பெருமை நமக்கு.

அப்பா தேர் இழுத்தபோது நீ பார்த்திருக்க வேண்டியது அவர் காலை. முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். ஆக்ஸிலேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. லொறி தானாக நடக்கும். தப்பு அடிக்கிறவர் நடக்கிற நடை அது. இறக்கத்திலும் அதே நடை, ஏனென்றால் பின்னால் தேர் தள்ளினாலும் மலைப் பல் எஞ்சினோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். இப்போது உன் லொறியை முதல் கியரில் அப்படி விட்டுப் பார். பால்குடத்தோடு போகிறவள் எட்டிப் போட வேண்டியிருக்கும். மெதுவாக்க வேண்டுமென்றால் ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே போக வேண்டும், தேயிலை ஸ்டோர் வளைவு வருவதற்குள் கிளட்ச் தீய்கிற வாசனை சாம்பிராணியை மீறிவிடும். இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே முடியாது. சக்கரம் பெரிதானால் அதைப் பிடித்து நிறுத்த அதே பிரேக்குக்கு வேலை கூடுதல். சூடேறிவிட்டால் அது வெறும் கட்டை. மீட்டர் முள்ளும் உன்னிடம் பொய்தான் சொல்லும், அது நாற்பது காட்டும்போது லொறி ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

இதை எனக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. முதுகில் கொழுந்துச் சாக்கோடு மலை இறங்கியவளுக்கு இது தெரியும். வெறுங்கையோடு இறங்கும்போது எட்டி எட்டி வைக்கலாம், ஆசைப்பட்டால் குதிக்கவும் குதிக்கலாம். பாரம் இருக்கும்போது சின்ன அடிதான். சின்ன அடி வைத்தால் ஒவ்வொரு அடியிலும் பாரத்தை நீ பிடிக்கிறாய். எட்டி வைத்தால் பாரம் உன்னைத் தள்ளும், அதற்குப் பேர் இறங்குவது இல்லை, விழுவதற்கு முன் ஓடுவது. நீ மாற்றிப் போட்ட பல்லும் டயரும் லொறியை எட்டி வைக்கச் செய்கின்றன. சோள மூட்டைக்கு அது பரவாயில்லை. தேருக்கு ஆகாது.

"அம்மன் கொழுந்து பறிக்க எறங்குன வருஷம்" என்று நம் லயத்து வரிசை வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்களே, அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது பதுளையில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், பரீட்சை என்று திருவிழாவுக்கு வரவில்லை. அந்த வருஷம் அப்பா லொறிக்கு உயரமான டயர் போட்டார். வெலிமடைத் தோட்டத்துச் சேற்றில் அடி தட்டுகிறது என்றார். உண்மையில் சந்தையில் பக்கத்தில் நின்ற புது லொறிகளுக்கு முன்னால் நம்முடையது குட்டையாகத் தெரிந்தது, அதுதான் காரணம். எனக்கும் பிடித்திருந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்தால் வேலி தாண்டித் தோட்டத்துத் தொரை பங்களா முற்றம் வரைக்கும் தெரிந்தது. "ராணி மாதிரி இருக்கேன்" என்றுகூடச் சொன்னேன். டிஃபரன்ஷியல் பழையதுதான், டயர் மட்டும்தான் புதிது. லீக்ஸ் ஏற்றிக்கொண்டு போனபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் தேருக்கு முன் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. கமிட்டிக்காரர்களும் அந்த வருஷம்தான் பல்புகளுக்காக ஒரு ஜெனரேட்டரைத் தேரில் ஏற்றி வைத்தார்கள். அதன் கனத்தையும் யாரும் யோசிக்கவில்லை.

தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கும் கோயிலுக்குப் போகும் கடைசி இறக்கத்தில் பனி விழுந்து ரோடு ஈரமாகக் கிடந்தது. அப்பா வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லொறி வழக்கம்போல் நடக்கவில்லை, கொஞ்சம் முந்தியது. பிரேக்கைத் தொட்டார். பின்னால் தேர் தள்ள, சக்கரம் வழுக்கியது. முட்டுக்கட்டை போடுகிற மாணிக்கம் மாமா கட்டையைத் தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். சக்கரம் அதை ஏறித் தாண்டி அவர் காலில் இறங்கியது. வடம் பிடித்தவர்கள் "தாயே" என்று கத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். வடம் பிடித்திருந்த நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். என் முதுகில் லொறியின் சூடு பட்டது, தம்பி. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா ஸ்டியரிங்கை ஒடித்து லொறியைத் தேயிலைக்குள் விட்டார். தேர் ஒரு பக்கம் சாய்ந்து, அம்மன் செடிகளுக்கு நடுவில் நின்றாள். கலசம் உருண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானில் விழுந்தது.

பெண்கள் எல்லாம் அழ ஆரம்பித்தார்கள். அப்புறம் மாணிக்கம் மாமாவே, கால் நசுங்கிக் கிடந்தபடி, "ஏன் அழுவுறீங்க? ஆத்தா நம்ம கூட கொழுந்து எடுக்க எறங்கிட்டா. காலைப் பெரட்டுல வேலைக்குப் பேரு பதிஞ்சு விடுங்க" என்றார். அந்தச் சிரிப்பில்தான் எல்லோருக்கும் உயிர் திரும்பி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வருவதற்குள் அது கதையாகிவிட்டது. கீழ் டிவிஷனுக்கு வர அம்மனுக்கு மனசில்லை என்று பூசாரி சொன்னார், ஒரு பரிகார பூசையும் நடந்தது. அப்பாவைத் தவிர எல்லோருக்கும் திருப்தி.

அவர் அந்த வாரமே பண்டாரவளையில் கராஜ் வைத்திருந்த நானாவிடம் லொறியைக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பிரேக்கில் கோளாறு என்று சொல்லிவிட மாட்டாரா என்று அப்பாவுக்கு ஆசை. நானா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "பிரேக்குல ஒன்னுமில்ல அண்ணே. டயர ஒசத்திட்டு டிஃப அப்படியே வுட்டுட்டீங்க. லொறிக்கு அரைக் கியர் காணாமப் போச்சு. சும்மா ஓட்டும்போது அது தெரியாது. பின்னால ஒன்னு தள்ளிக்கிட்டு வந்தா தெரியும்" என்றார். அப்பா அங்கேயே டயரைக் கழற்றச் சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கதையை யார் சொல்லிச் சிரித்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். நீயும் பல தடவை சொல்லியிருக்கிறாய். அவர் பீடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்திருப்பாய். நானும் அந்த வருஷத்திலிருந்து தேருக்குப் பின்னால்தான் நடக்கிறேன். "ஏம்மா நீ மட்டும் வடம் புடிக்க மாட்டேங்குற?" என்று நீ கேட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனி. அன்றைக்கு மாறியது டயர் மட்டும். உன்னிடம் டயரும் பல்லும் இரண்டும் மாறியிருக்கின்றன.

அப்பாவே ஏன் இதைச் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் வரலாம். கமிட்டிக்காரர்கள் வந்தபோது, "எனக்குக் கண்ணு போயிருச்சு, இனி என் மகன் இழுப்பான்" என்று சொன்னவர் அவர்தான். அப்போது நீ அச்சை மாற்றியிருக்கவில்லை. இப்போது அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கினால் பரிவட்டம் போய்விடும். பூசாரி வண்டிக்காரன் தலையில் கட்டுகிற அந்தச் சிவப்புத் துண்டுக்கு நம் வீட்டில் என்ன மதிப்பு என்று உனக்கே தெரியும். முன்னெல்லாம் தேரைத் தோட்டத்து டிராக்டர்தான் இழுத்தது. அதற்காக வருஷா வருஷம் ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்க வேண்டும், தொரை மனசு வைக்க வேண்டும். அப்பா லொறி வாங்கிய வருஷம்தான் நம் சாமியை நம் வண்டி இழுத்தது. அன்றைக்கு லயமே நிமிர்ந்து நடந்தது. இப்போது கீழ் டிவிஷன் செல்வராஜ் மரக்கறித் தோட்டத்துக்கென்று சொந்தமாக ஒரு டிராக்டர் வாங்கியிருக்கிறார். தேருக்கு அதுதான் பொருத்தம். டிராக்டர் டயர் என் தோள் உயரம் இருக்கிறதே, அது மட்டும் ஆகுமா என்று கேட்பாய். ஆகும், அந்த உயரத்துக்குத் தகுந்த பல் அதன் உள்ளே இருக்கிறது. டயரையும் பல்லையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் பார்த்துதான் அப்பா ஏமாந்தார். ஆனால் இவரும் அவரும் போட்ட தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு செல்வராஜ் தலையில் பரிவட்டம் ஏறுவதை அப்பா எப்படிப் பார்ப்பார்? அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று நினைக்காதே.

நீ என்ன சொல்வாய் என்றும் எனக்குத் தெரியும். எக்ஸோஸ்ட் பிரேக் இருக்கும்மா என்பாய். புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற அது, எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் பிடிக்கும், நடக்கிற வேகத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். பழைய டயரை மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறேன் என்பாய். அது அரைகுறை, உள்ளே இருப்பது சமதரைப் பல்தானே. முட்டுக்கட்டைக்கு இன்னும் ஆள் போடலாம் என்பாய். மாணிக்கம் மாமா தண்ணீருக்குப் போகிற நடையை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் அதைச் சொல்லு. எனக்குத் தெரிந்து வழி இரண்டுதான். பழைய கிரவுனையும் பினியனையும் பழைய டயரையும் மறுபடி போட்டுக்கொண்டு வரலாம். அவை இங்கேதான் இருக்கின்றன. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி நீ விட்டுப்போனதை அப்பா கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். கண் தெரியாமல் விரலாலேயே ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். ஆனால் அவற்றை மாட்ட லொறி கராஜில் நிற்க வேண்டும், திருவிழா முடிந்ததும் திரும்பவும் நிற்க வேண்டும். சோளக் காலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. இன்னொரு வழி, நீயே கமிட்டிக்குப் போன் போட்டு, "என் லொறி இப்ப அதுக்கு ஏத்ததில்லங்க, செல்வராஜ் அண்ணன் டிராக்டர கேளுங்க" என்று சொல்வது. அப்பா சொன்னால் அவர் தோற்ற மாதிரி ஆகிவிடும். நீ சொன்னால் வண்டியைத் தெரிந்தவன் சொன்ன மாதிரி இருக்கும்.

முடியாது என்று சொல்வது வண்டிக்காரனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது கொஸ்லாந்தைப் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தோம். பெரகலவில் ஒரு கல்யாண வேன் நின்றுபோயிருந்தது. நல்ல மழை. பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கயிறு போட்டு அப்புத்தளை வரைக்கும் இழுத்து விட்டுருங்க, முகூர்த்தம் போயிரும்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார். அப்பா லோடைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "முடியாதுங்க. இழுத்துருவேன். நடு ஏத்தத்துல நின்னுட்டா புடிக்க முடியாது" என்றார். அந்த மனுஷர் அப்பாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அப்பா பெண்ணையும் அவள் தாயையும் நம் சீட்டில் ஏற்றினார். உன்னை அந்த மணப்பெண்ணின் பட்டுச்சேலை மடியில் கொடுத்துவிட்டு நான் பின்னால் வாழைத்தார்களோடு ஏறிக்கொண்டேன். நீ அந்தச் சேலையை நனைத்துவிட்டாய், அது வேறு கதை. கல்யாணம் நேரத்துக்கு நடந்தது. ஆனாலும் அந்தத் தகப்பனார் ஒரு நன்றி சொல்லவில்லை. நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, தம்பி. நீயும் எதிர்பார்க்காதே. அப்படி ஊரான் வேனுக்கு யோசித்தவர்தான் பின்னாளில் சொந்த வண்டியின் டயருக்கு யோசிக்காமல் விட்டார். பழகின வண்டி, பழகின ரோடு என்ற நினைப்பு அவரையே ஏமாற்றியது.

நீ வேகமாக முன்னுக்கு வர நினைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். உன் சமதரையில் நீ எட்டி வைத்துப் போ, யார் வேண்டாம் என்றார்கள்? இங்கே ஏறி வரும்போது மட்டும், உனக்கு முன்னால் யார் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொள். துர்கா இந்த வருஷம் வடம் பிடிக்கப் போகிறாள். ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் சொன்னாள். அவள் உன்னைக் காட்டிக் கொடுத்தாள், நான் அவளைக் காட்டிக் கொடுக்கிறேன், கணக்குச் சரியாகிவிட்டது. வேண்டுதல்காரர்களுக்கு வடத்தில் எந்த இடம் கொடுப்பது நம் வழக்கம் என்று உனக்குத் தெரியும். பம்பருக்கு நேர் முன்னால்.

இந்த வருஷம் எனக்கும் முழங்கால் வலி இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நானும் வடம் பிடிக்கப் போகிறேன். டிராக்டர் இழுத்தால் எனக்கு அந்தப் பக்கம் வந்து நில், மூன்று பேரும் சேர்ந்து பிடிப்போம். அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே, பரிவட்டம் இல்லாமலும் அவர் நாலு வாய் சாப்பிடுவார். நான் இப்படிச் சொல்வதை மிரட்டல் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பெற்றவள் மிரட்டாமல் வேறு யார் மிரட்டுவது? எந்த வண்டி வந்தாலும் நான் அந்த இடத்தில்தான் நிற்பேன், பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டேன். என் முதுகில் எந்த வண்டியின் சூடு பட வேண்டும் என்பதை நீ முடிவு செய்.

அம்மா